ரகசியத்தைக் காட்டிக்கொடுக்கும் ‘கிவ் அவே’: ஓர் ஆங்கில வினையின் பொருளும் பயன்பாடும், படிப்படியாக

பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ்களில், சிறப்பு விருந்தினர் பரிசு வழங்குவார் என்பதை ‘வில் கிவ் அவே தி பிரைசஸ்’ என்று அச்சடிப்பது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். அதனால் ‘கிவ் அவே’ என்றால் வழங்குதல், இலவசமாகக் கொடுத்தல் என்னும் பொருள் நம்மில் பலருக்குச் சிறு வயதிலேயே மனத்தில் தங்கிவிடுகிறது. பின்னர் ஓர் ஆங்கிலச் செய்தியிலோ துப்பறியும் தொடரிலோ ‘ஹிஸ் வாய்ஸ் கேவ் ஹிம் அவே’ என்னும் வாக்கியம் எதிர்ப்படும்போது, ஒருவனை அவன் குரல் எப்படித் தானமாகக் கொடுக்கும் என்று திகைக்க நேர்கிறது. அங்கே அந்த வினையின் பொருள் வேறு. மறைக்க நினைத்த ஒன்றை, அல்லது மறைந்திருக்க நினைத்த ஒருவரை, வெளியே தெரியும்படி செய்துவிடுதல் என்பதே அந்தப் பொருள்.

இந்த ஒரு பொருளை அடிப்படையிலிருந்து கற்று, பேச்சிலும் எழுத்திலும் தயக்கமின்றிக் கையாள்வதற்கான வழியை இங்கே படிப்படியாகத் தருகிறேன். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் ஒரே நிகழ்விலிருந்து, அதாவது அமெரிக்காவின் வாட்டர்கேட் விவகாரத்திலிருந்து, எடுத்திருக்கிறேன். எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் அத்துமீறி நுழைந்ததை அதிபர் ரிச்சர்ட் நிக்சனின் தரப்பு மூடிமறைக்கப் பார்த்து, முடிவில் அவரே பதவி விலக நேர்ந்த விவகாரம் அது. ரகசியம் மூடிமறைக்கப்பட்டது, கசிந்தது, துருவி எடுக்கப்பட்டது, சத்தியப் பிரமாணத்தின் பேரில் சொல்லப்பட்டது என்று எல்லா வகையும் அந்த ஒரே விவகாரத்தில் இருப்பதால், இந்த வினையையும் இதன் உறவுச் சொற்களையும் உரசிப் பார்க்க அது வசதியானது. ஆங்கில வாக்கியங்களை ஒலிப்பின்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்; வாய்விட்டுப் படித்தால் அமைப்பு எளிதில் பிடிபடும்.

முதல் படி: பொருளை ஒரு நிகழ்வில் பொருத்திப் பார்த்தல்

1972 ஜூன் 17 அதிகாலையில், வாஷிங்டன் நகரின் வாட்டர்கேட் வளாகத்தில் இரவுக் காவலில் இருந்த ஃபிராங்க் வில்ஸ் என்பவர், கீழ்த்தளத்துக் கதவு பூட்டிக்கொள்ளாதபடி அதன் தாழ்ப்பாளின் மேல் டேப் ஒட்டியிருப்பதைக் கண்டார். பகலில் வேலை பார்த்தவர்கள் யாரேனும் ஒட்டியிருப்பார்கள் என்று எண்ணி அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சென்றார். மறுபடி சுற்றி வந்தபோது அதே இடத்தில் மீண்டும் டேப் ஒட்டப்பட்டிருந்தது. உடனே காவல்துறையை அழைத்தார். ஆறாவது மாடியில் இருந்த ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு அலுவலகத்துக்குள் ஐந்து பேர் பிடிபட்டார்கள்.

இதை ஆங்கிலத்தில் ஐந்தே சொல்லில் சொல்லிவிடலாம்: ‘தி டேப் கேவ் தெம் அவே’. தமிழில், ‘அந்த டேப் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது’. டேப்புக்கு யாரையும் மாட்டிவிடும் எண்ணம் கிடையாது. அது அங்கே இருந்ததே போதுமானதாக இருந்தது. தெரியக் கூடாத ஒன்றை, அடையாளமாக அமைந்த வேறொன்று வெளியே தள்ளிவிடுகிறது என்பதுதான் இந்த வினையின் உயிர்ப்பொருள்.

இங்கே தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘காட்டிக்கொடு’ என்னும் நம் கூட்டுவினையிலும் ‘கொடு’ இருக்கிறது. ஆனால் அதைக் கேட்கும் யாரும் எந்தப் பொருள் கை மாறியது என்று கேட்பதில்லை. இரண்டு சொற்கள் சேர்ந்து, தனித்தனியே இல்லாத மூன்றாவது பொருள் ஒன்றைத் தருவது நமக்குப் புதிதும் அன்று. ஆங்கிலத்தில் ஃப்ரேசல் வெர்ப் என்று பெயரிட்டு, பெரிய பட்டியலாகப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் விஷயத்தை நாம் அன்றாடம் தமிழில் செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆகவே ‘கிவ்’ தனியே என்ன, ‘அவே’ தனியே என்ன என்று பிரித்துப் பார்ப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். முழுச் சொல்லையும் ‘காட்டிக்கொடு’ என்னும் முழுச் சொல்லோடு இணைத்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி, இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதில் இருக்கிறது. அதை நான்காம் படியில் பார்க்கலாம்.

இரண்டாம் படி: மற்ற பொருள்களிலிருந்து பிரித்தறிதல்

‘கிவ் அவே’க்கு வேறு மூன்று பொருள்கள் வழக்கில் உள்ளன. முதலாவது, இலவசமாகக் கொடுத்தல்: ‘ஹி கேவ் அவே ஹிஸ் ஓல்ட் புக்ஸ்’. இரண்டாவது, திருமணத்தில் மணப்பெண்ணைத் தந்தை ஒப்படைத்தல். மூன்றாவது, கவனக்குறைவால் எதிராளிக்கு வாய்ப்பை விட்டுக்கொடுத்தல். கால்பந்து வருணனையில் ‘தே கேவ் அவே எ பெனால்ட்டி’ என்று அடிக்கடி கேட்கலாம். இந்த மூன்றையும் தமிழில் ஏறக்குறைய ‘தாரைவார்த்தல்’ என்னும் ஒரே சொல்லால் தொட்டுவிடலாம்: கன்னிகாதானத்துக்கும் அச்சொல் உண்டு, கையிலிருந்ததை இழந்துவிட்டதைக் கசப்போடு சொல்வதற்கும் அச்சொல் உண்டு. ரகசியப் பொருளுக்கு மட்டும் அது பொருந்தாது.

எந்தப் பொருள் என்பதைக் கண்டுபிடிக்க, வினையின் செயப்படுபொருளைப் பார்த்தால் போதும். கையால் எடுத்துக் கொடுக்கக்கூடிய பொருளாக இருந்தால் தானம். ரகசியம், திட்டம், விடை, கதையின் முடிவு, ஒளிந்திருக்கும் இடம் போன்றவையாக இருந்தால் வெளிப்படுத்துதல். ‘கிவ் அவே தி ஆன்சர்’ என்பதை விடைத்தாளை இலவசமாகக் கொடுப்பதாக யாரும் கொள்ள மாட்டார்கள்.

மூன்றாம் படி: வடிவமும் சொல் வரிசையும்

வடிவங்களில் குழப்பம் இல்லை. நிகழ்காலம் கிவ் அல்லது கிவ்ஸ், இறந்தகாலம் கேவ், முற்று வடிவம் கிவன். ‘அவே’ எந்தக் காலத்திலும் மாறாது. செயப்பாட்டு வினையில் ‘தே வேர் கிவன் அவே பை எ பீஸ் ஆஃப் டேப்’ என்று வரும்.

சொல் வரிசைதான் தடுக்கி விழும் இடம். இந்த வினை இரண்டாகப் பிரியக்கூடியது. செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாக இருந்தால் நடுவிலும் வரலாம், பின்னாலும் வரலாம்: ‘ஹி கேவ் தி சீக்ரெட் அவே’ என்பதும் சரி, ‘ஹி கேவ் அவே தி சீக்ரெட்’ என்பதும் சரி. ஆனால் பிரதிப்பெயராக இருந்தால் நடுவில் மட்டுமே வர வேண்டும். ‘ஹி கேவ் இட் அவே’ சரி; ‘ஹி கேவ் அவே இட்’ பிழை. அவ்வாறே ‘கேவ் மீ அவே’, ‘கேவ் ஹர் அவே’, ‘கேவ் தெம் அவே’. இதற்கு விதிவிலக்கு கிடையாது என்பதால், விதியாக மனப்பாடம் செய்வதைவிட ‘டோன்ட் கிவ் இட் அவே’, ‘டோன்ட் கிவ் மீ அவே’ என்னும் இரண்டு வாக்கியங்களைச் சத்தமாகப் பலமுறை சொல்லிப் பழகுவது நல்லது. காது பழகிவிட்டால் பிழையான வரிசை தானாகவே உறுத்தும். சொல்லும்போது அழுத்தம் ‘அவே’யின் ‘வே’ மீது விழட்டும். நடுவில் நிற்கும் ‘இட்’, ‘மீ’ ஆகியவை அழுத்தமின்றி மெலிந்து ஒலிக்கும்.

செயப்படுபொருள் நீளமான தொடராக இருந்தால் அதைப் பின்னால் தள்ளிவிடுவதே அழகு. பெயர் வெளியிடாத அதிகாரி ஒருவரை நிருபர் பாப் உட்வர்ட் நிலத்தடி வாகன நிறுத்துமிடத்தில் சந்தித்துத் தகவல் பெற்றார் என்பது வாட்டர்கேட் கதையில் புகழ்பெற்ற பகுதி. அந்த அதிகாரியின் பெயரை உட்வர்ட் வெளியிடாததைப் பற்றிப் பேசும்போது, ‘ஹி நெவர் கேவ் அவே தி நேம் ஆஃப் தி மேன் ஹூ மெட் ஹிம் இன் தி கராஜ்’ என்று எழுத வேண்டும். ‘கேவ்’ ஓர் ஓரத்திலும் ‘அவே’ வாக்கியத்தின் கடைக்கோடியிலும் நின்றால், படிப்பவர் வினையின் இரண்டாம் பாதிக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டிவரும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘இன்னது நடந்தது என்பதை’ என்னும் பொருளில் ‘தட்’ என்று தொடங்கும் துணை வாக்கியத்தை இந்த வினைக்குப் பின் நேராக ஒட்டாமல் இருப்பது நல்லது. ‘ஹி கேவ் அவே தட் ஹி வாஸ் தேர்’ என்பது நொண்டுகிறது; ‘ஹி கேவ் அவே தி ஃபேக்ட் தட் ஹி வாஸ் தேர்’ என்றால் நிமிர்ந்து நிற்கும். ‘தட்’டை நேராக ஏற்கும் உறவினர்கள் இருவர் உண்டு, அவர்கள் ஐந்தாம் படியில் வருவார்கள்.

நான்காம் படி: யாரை, எதை, தெரிந்தா, தெரியாமலா

‘கிவ் அவே’யைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. வெளிப்படுத்தியது ஆளா, அடையாளமா? வெளிப்பட்டது ஆளா, ரகசியமா? அது வேண்டுமென்றே நடந்ததா, தவறிப்போய் நடந்ததா? தமிழ் ‘காட்டிக்கொடு’வும் ஆங்கில ‘கிவ் அவே’யும் சேரும் இடமும் பிரியும் இடமும் இந்த மூன்று விடைகளில் தெளிவாகிவிடும்.

எழுவாய் உயிரற்றதாக இருந்தால் இரண்டு மொழிகளும் கைகோத்துக்கொள்கின்றன. முகம், குரல், கை நடுக்கம், காலடித் தடம், கையெழுத்து, பேச்சுவழக்கு எல்லாமே ஒருவரைக் காட்டிக்கொடுக்கும். சென்னைக்காரர்போலப் பேசிக்கொண்டிருந்த ஒருவர் கோபம் வந்தவுடன் ‘ஏலே’ என்று கத்தினால், அவர் திருநெல்வேலிப் பக்கம் என்று அறை முழுக்கத் தெரிந்துவிடும்: ‘தட் ஒன் வேர்ட் கேவ் ஹிம் அவே’. இத்தகைய வாக்கியங்களில் உள்நோக்கம் என்னும் கேள்வியே எழாது. தொடக்கநிலையில் இருப்பவர்கள் முதலில் இந்த வகையை மட்டும் எழுதிப் பழகலாம். தவறு நேர வாய்ப்பு மிகக் குறைவு.

எழுவாய் மனிதராக இருந்தால் நிலைமை மாறுகிறது. தமிழில் ஒருவர் இன்னொருவரைக் காட்டிக்கொடுத்தார் என்றாலே துரோகம் என்னும் நிறம் ஏறிவிடுகிறது. எட்டப்பன் என்னும் பெயரே அந்தப் பழியோடு பேச்சு வழக்கில் ஒட்டிக்கிடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ‘கிவ் அவே’ அந்த அளவுக்குக் கனமானது அன்று. ஒளிந்து விளையாடும்போது குழந்தை சிரித்துவிட்டுத் தன் அண்ணனைக் காட்டிக்கொடுத்தாலும் அது ‘கேவ் ஹிம் அவே’தான், தப்பி ஓடியவர் பதுங்கியிருந்த இடத்தைப் பக்கத்து வீட்டார் காவல்துறையிடம் சொன்னாலும் அது ‘கேவ் ஹிம் அவே டு தி போலீஸ்’தான். முதலாவதில் தவறு, இரண்டாவதில் எண்ணம், சொல் ஒன்றே. துரோகத்தை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ஆங்கிலம் ‘பிட்ரே’ என்னும் சொல்லுக்கும், ஆதாயத்துக்காக விற்றுவிட்டதைச் சொல்ல ‘செல் அவுட்’ என்னும் வினைக்கும் போகிறது. ஆகவே தமிழில் ‘அவன் நண்பனைக் காட்டிக்கொடுத்துவிட்டான்’ என்று ஆத்திரத்தோடு எழுதியதை ஆங்கிலத்தில் ‘கேவ் அவே’ என்று மாற்றினால் ஆத்திரம் பாதியில் வடிந்துவிடும்.

செயப்படுபொருள் ரகசியமாக இருக்கும்போது தமிழ் முற்றிலும் வேறு வழியில் போகிறது. நாம் ஆளைக் காட்டிக்கொடுப்போமே தவிர, ரகசியத்தைக் காட்டிக்கொடுத்தான் என்பதில்லை. ரகசியத்தை வெளியே விட்டுவிட்டான், போட்டு உடைத்துவிட்டான், உளறிவிட்டான் என்போம். இந்த மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘கேவ் அவே தி சீக்ரெட்’ பொருந்தும். படம் பார்க்காதவர்களிடம் சஸ்பென்ஸை உடைத்துவிடாதே என்பதற்கு ‘டோன்ட் கிவ் அவே தி எண்டிங்’ என்பது மிகப் பொருத்தமான ஆங்கிலம்.

மூன்றாவது வகை, ஒருவர் தன்னைத்தானே வெளிப்படுத்திக்கொள்வது: ‘ஹி கேவ் ஹிம்செல்ஃப் அவே’. யாரும் கேட்காமலே ‘நான் அந்தப் பக்கமே போகவில்லையே’ என்று ஒருவர் முந்திக்கொண்டு சொல்லி மாட்டிக்கொள்வாரே, அதற்கு இதைவிடச் சரியான ஆங்கிலம் கிடையாது. இதற்கு நேர்மாறாக, எதையும் வெளியே காட்டாத முகத்தைச் சொல்ல ‘ஹிஸ் ஃபேஸ் கேவ் நத்திங் அவே’ என்பார்கள். பேச்சுவார்த்தையில் பிடி கொடுக்காமல் பேசுபவரைப் பற்றி ‘ஹி வாஸ் கிவிங் நத்திங் அவே’ என்று எழுதுவது செய்தித்தாள்களில் வழக்கமான நடை.

திட்டம் முழுவதும் அம்பலமாகிவிடும்படி செய்வதற்கு ‘கிவ் தி கேம் அவே’ என்னும் மரபுத்தொடர் உண்டு. அதில் ‘கேம்’ என்பது விளையாட்டன்று. மறைவாக ஆடிக்கொண்டிருந்த ஆட்டம். நம்முடைய ‘குட்டு வெளிப்பட்டது’ என்பதற்கு அருகில் வருவது அது. வாட்டர்கேட் விவகாரத்தின் முடிவை இப்படிச் சொல்லலாம்: 1972 ஜூன் 23 அன்று அதிபர் ரிச்சர்ட் நிக்சன் தம் உதவியாளருடன் பேசிய பேச்சு, அதாவது சி.ஐ.ஏ. என்னும் உளவு அமைப்பைக் கொண்டு எஃப்.பி.ஐ. என்னும் புலனாய்வு அமைப்பின் விசாரணையை நிறுத்துவது பற்றிய பேச்சு, வெள்ளை மாளிகையின் சொந்த ஒலிப்பதிவிலேயே பதிந்திருந்தது. அது 1974 ஆகஸ்ட் 5 அன்று வெளியானது. நான்கு நாள் கழித்து அவர் பதவி விலகினார். ‘ஹிஸ் ஓன் டேப்ஸ் கேவ் தி கேம் அவே’. தொடக்கத்தில் ஒட்டும் டேப், முடிவில் ஒலி டேப். சொல் விளையாட்டில் ஆர்வமுள்ள ஆங்கில ஆசிரியர்களுக்கு வாட்டர்கேட்டைப் போல ஒரு பரிசு கிடைப்பது அரிது.

ஐந்தாம் படி: உறவுச் சொற்களிலிருந்து சரியானதைத் தேர்தல்

ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போட்டால் எழுத்து சலிக்கும் என்பது மட்டுமன்று, பொருளும் தவறிவிடும். ‘கிவ் அவே’யைச் சுற்றி ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கனத்தில் விளக்கத் தேவையில்லை; சிக்கல் மிகுந்தவற்றில் மட்டும் நின்று போகலாம்.

முதலில் ‘லெட் ஆன்’. தனக்குத் தெரிந்ததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளுதல் என்பது இதன் பொருள். பெரும்பாலும் எதிர்மறையிலேயே வரும். நிருபருக்குத் தகவல் தந்த அந்த மறைமுக மனிதர், எஃப்.பி.ஐ.யில் இரண்டாம் இடத்தில் இருந்த மார்க் ஃபெல்ட். அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தம்மை யாரென்று வெளிக்காட்டாமல் இருந்தார்; கேட்டவர்களிடம் மறுத்தும் வந்தார். ‘ஹி நெவர் லெட் ஆன் தட் ஹி வாஸ் தி சோர்ஸ்’. ‘மூச்சுவிடவில்லை’ என்னும் நம் வழக்குக்கு இதுவே நெருக்கமானது. ‘லெட் ஆன்’ நேராகச் செயப்படுபொருளை ஏற்காது என்பதை மறக்கக் கூடாது. ‘லெட் ஆன் தி சீக்ரெட்’ என்று எழுதினால் பிழை. ‘லெட் ஆன் தட்’ அல்லது ‘லெட் ஆன் அபவுட்’ என்றுதான் தொடர வேண்டும். யாரிடம் என்று சொல்ல ‘டு’ சேர்க்கலாம்: ‘டோன்ட் லெட் ஆன் டு அம்மா’ என்று பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்தது ‘லெட் ஸ்லிப்’. வாய் தவறி வெளியே வந்துவிட்ட செய்திக்கு இது. மூன்றாம் படியில் சொன்ன மற்றோர் உறவினர் இவர்தான். ‘ஹி லெட் ஸ்லிப் தட்’ என்று நேராகத் தொடரலாம். ‘கிவ் அவே’யில் தவறு நேர்ந்திருக்கலாம், நேராமலும் இருக்கலாம், ‘லெட் ஸ்லிப்’பில் தவறு என்பது சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. சிலர் வேண்டுமென்றே சொல்லிவிட்டு வாய் தவறியதுபோல நடிப்பதுண்டு. அதற்கு ‘அக்சிடெண்டலி’ என்னும் சொல்லை மேற்கோள் குறிக்குள் சேர்த்து எழுதிக் கிண்டல் செய்வார்கள். ‘பிளர்ட் அவுட்’ இதன் படபடப்பான தங்கை. பயத்திலோ ஆர்வத்திலோ அடக்க முடியாமல் உளறிக்கொட்டுவது அது. யோசித்து, தாழ்ந்த குரலில் சொன்ன ரகசியத்துக்கு அதைப் போடக் கூடாது.

‘லீக்’ என்பதற்கும் ‘லீக் அவுட்’ என்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை நம் ஊர் ஆங்கிலத்தில் அடிக்கடி கோட்டைவிடுகிறோம். ஒருவர் திட்டமிட்டுத் தகவலைப் பத்திரிகைக்குக் கொடுத்தால் ‘ஹி லீக்ட் இட் டு தி பிரஸ்’. அங்கே ‘அவுட்’ தேவையில்லை. தகவல் தானே கசிந்ததாகச் சொன்னால் ‘தி நியூஸ் லீக்ட் அவுட்’. அங்கே செய்தவர் யாரென்று சொல்வதில்லை. ‘ஹி லீக்ட் அவுட் தி கொஸ்டின் பேப்பர்’ என்று நாம் எழுதுவது இரண்டையும் கலந்துவிடுவதால் வருகிறது. வினாத்தாள் தானாகக் கசிவதில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் செய்தவரைச் சொல்ல விரும்பாத அறிக்கைகளுக்கு ‘லீக்ட் அவுட்’ எவ்வளவு வசதியான சொல் என்பதையும் கவனித்து வைக்கலாம். ‘கம் அவுட்’, ‘கெட் அவுட்’ ஆகிய இரண்டும் இதே வரிசையைச் சேர்ந்தவை: ‘தி ட்ரூத் கேம் அவுட்’, ‘தி நியூஸ் காட் அவுட்’. உண்மை வெளியே வரும், செய்தி வெளியே பரவும். இரண்டுக்கும் செயப்படுபொருள் கிடையாது.

இனி ‘டெல் ஆன்’. வகுப்பில் ஆசிரியரிடம் போட்டுக்கொடுப்பதற்கும் வீட்டில் கோள் சொல்வதற்கும் உரிய சொல் இது. ‘ஷி டோல்ட் ஆன் மீ’ என்றால் அவள் என்னைப் பற்றிப் போட்டுக்கொடுத்துவிட்டாள் என்று பொருள். ‘கிவ் அவே’யைப் போல இதைப் பிரிக்க முடியாது, ‘டோல்ட் மீ ஆன்’ என்பதற்குப் பொருளே இல்லை. குழந்தைகளின் உலகத்துச் சொல் என்பதால், அலுவலக ஊழலைப் புகார் செய்தவரைப் பற்றி ‘டோல்ட் ஆன்’ என்று எழுதினால் அது அவரைச் சிறுபிள்ளையாக்கிவிடும். பெரியவர்களின் உலகில் அமெரிக்கக் கொச்சைவழக்கு ‘ரேட் அவுட்’ என்றும், பிரிட்டிஷ் கொச்சைவழக்கு ‘கிராஸ் ஆன்’ என்றும் சொல்லும். இரண்டிலும் சொன்னவர் மேல் வெறுப்பு இருக்கிறது. குற்றவாளிகளின் பக்கம் நின்று பேசும் சொற்கள் அவை.

யார் பக்கம் நின்று பேசுகிறோம் என்பது இந்தக் குடும்பத்தில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜான் டீன் நல்ல எடுத்துக்காட்டு. வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகராக இருந்த அவர், மூடிமறைப்பு வேலையில் தாமும் பங்கெடுத்தவர். 1973 ஜூன் மாதம், இந்த விவகாரத்தை விசாரித்த செனட் (நாடாளுமன்ற மேலவை) குழுவின் முன் அமர்ந்து அதிபரின் பங்கையும் தம் பங்கையும் விரிவாகச் சொன்னார். அவரை மதிப்பவர் ‘ஹி கேம் கிளீன்’ என்பார், அதாவது மறைத்ததையெல்லாம் மனம் திறந்து சொல்லிவிட்டார். நடுநிலையாளர் ‘ஹி டெஸ்டிஃபைட்’ என்று நிறுத்திக்கொள்வார். அதிபரின் ஆதரவாளர் ‘ஹி ரேட்டட் அவுட் தி பிரெசிடென்ட்’ என்று பல்லைக் கடிப்பார். நடந்தது ஒன்றே, வினைச்சொல் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. எனவே மொழிபெயர்க்கும்போதோ செய்தி எழுதும்போதோ அகராதியில் அருகருகே கிடக்கும் சொற்களை இடம் மாற்றிப் போடுவது ஆபத்தானது.

‘ஓன் அப்’ என்பதும் அத்தகையதே. தான் செய்த தவற்றை ஒப்புக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். மார்க் ஃபெல்ட் 2005-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், தம் 91-ஆம் வயதில், வேனிட்டி ஃபேர் இதழின் வழியாகத் தாமே அந்த மனிதர் என்று வெளிப்படுத்தினார். ‘ஹி ஓன்ட் அப்’ என்று எழுதினால் அவர் செய்தது குற்றம் என்று நாம் சொன்னதாகும். ‘ஹி கேம் ஃபார்வர்ட்’ என்று எழுதினால் துணிந்து முன்வந்தார் என்றாகும். அதுவரை உட்வர்டும் அவருடைய சக நிருபர் கார்ல் பெர்ன்ஸ்டைனும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. ‘தே நெவர் கேவ் ஹிம் அவே’ என்பது அந்த இருவருக்கும் அழகாகப் பொருந்தும் வாக்கியம்.

எதிர்ப்பக்கத்தில் நிற்கும் வினை ‘கவர் அப்’. பிடிபட்டவர்கள் வாய் திறக்காமல் இருக்கப் பணம் கொடுத்தது உட்பட, வாட்டர்கேட்டில் நடந்த மூடிமறைப்பு முழுவதும் இந்த ஒரே சொல்லில் அடங்கும். தேடிக் கண்டுபிடிப்பவரின் பக்கத்துக்கு ‘ஃபைண்ட் அவுட்’ உண்டு. பழைய சங்கதியைக் கிளறி எடுப்பதற்கு ‘டிக் அப்’ உண்டு. இவற்றில் சிக்கல் ஏதும் இல்லை.

ஆறாம் படி: பெயர்ச்சொல் வடிவம்

‘கிவ்அவே’ என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினால் அது பெயர்ச்சொல். அழுத்தமும் முன்னால் நகர்ந்து ‘கிவ்’ மீது விழும். காட்டிக்கொடுக்கும் அடையாளம் என்பது பொருள். ‘தி டேப் ஆன் தி டோர் வாஸ் எ டெட் கிவ்அவே’ என்றால், சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டிக்கொடுக்கும் தடயம் என்று பொருள். அங்கே ‘டெட்’ என்பதற்குச் சாவோடு தொடர்பில்லை. ‘முழுக்க’, ‘அப்பட்டமாக’ என்று அழுத்தம் தருவது அது. சமூக ஊடகங்களில் கடைக்காரர்கள் அறிவிக்கும் ‘கிவ்அவே’ இலவசப் பரிசுத் திட்டம். அது முதல் பொருளின் பிள்ளை. இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டல் என்பதால் சூழலைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

ஏழாம் படி: எங்கே பயன்படுத்தக் கூடாது

‘கிவ் அவே’ பேச்சிலும் கதையிலும் நாளிதழ்க் கட்டுரையிலும் தாராளமாக வரலாம். சட்ட ஆவணம், அலுவலகக் கடிதம், ஒப்பந்தம் ஆகியவற்றில் ‘டிஸ்க்ளோஸ்’ அல்லது ‘ரிவீல்’ என்பதே முறை. 1973 ஜூலை 16 அன்று செனட் குழுவின் கேள்விக்கு விடையளித்த, நிக்சனின் முன்னாள் உதவியாளர் அலெக்ஸாண்டர் பட்டர்ஃபீல்டு, வெள்ளை மாளிகையில் ஒலிப்பதிவுக் கருவிகள் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். சத்தியம் செய்து, கேட்ட கேள்விக்கு நேர்மையாகச் சொன்ன விடை அது. அதை ‘கேவ் அவே’ என்று எழுதினால் அவர் ஏதோ கவனக்குறைவாக விட்டுவிட்டதுபோலத் தொனிக்கும். ‘ஹி ரிவீல்ட் தி டேப்பிங் சிஸ்டம்’ என்பதே நியாயமானது. அவ்வாறே, வேலையில் சேரும்போது நிறுவனத்தின் ரகசியங்களை வெளியிட மாட்டேன் என்று எழுதித் தரும் உறுதிமொழியில் ‘ஐ வில் நாட் டிஸ்க்ளோஸ்’ என்றுதான் இருக்க வேண்டும்.

‘ஓபன் அப்’ என்பதையும் இங்கே எச்சரித்துவிட வேண்டும். ‘ரகசியத்தைத் திறந்து காட்டினான்’ என்று நினைத்துக்கொண்டு ‘ஹி ஓபன்ட் அப் தி சீக்ரெட்’ என்று எழுதுபவர்கள் உண்டு. ‘ஓபன் அப்’ ஒருவர் தம் மனத்தில் இருப்பதைத் தயக்கம் நீங்கிப் பேசுவதைக் குறிக்கும். ரகசியத்தை உடைப்பதைக் குறிக்காது. ‘ரிவீல் அவுட்’, ‘எக்ஸ்போஸ் அவுட்’ என்று வாலைச் சேர்ப்பதும் வேண்டாம். அந்த வினைகள் தனியாகவே நிற்கத் தெரிந்தவை.

எட்டாம் படி: பயிற்சி

கீழே உள்ள தமிழ் வாக்கியங்களை முதலில் கையால் மூடிக்கொண்டு நீங்களே ஆங்கிலமாக்கிப் பாருங்கள். பின்னர் விடையோடு ஒப்பிடுங்கள்.

‘சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், கண்கள் காட்டிக்கொடுத்துவிட்டன.’ எழுவாய் உயிரற்றது, வெளிப்பட்டது ஆள். ஆகவே ‘ஹர் ஐஸ் கேவ் ஹர் அவே’.

‘பிறந்தநாள் ஏற்பாட்டைப் பற்றித் தம்பி வாய் தவறிச் சொல்லிவிட்டான்.’ தவறு என்பது வெளிப்படையாக இருப்பதால் ‘மை பிரதர் லெட் ஸ்லிப் தட் வீ வேர் பிளானிங் எ பார்ட்டி’. ‘கேவ் அவே தி சர்ப்ரைஸ்’ என்று எழுதினாலும் தவறில்லை. வாய் தவறியது என்னும் அழுத்தம் மட்டும் குறையும்.

‘அவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் காட்டிக்கொள்ளவே இல்லை.’ இங்கே ‘காட்டிக்கொள்’, ‘காட்டிக்கொடு’ இரண்டுக்கும் உள்ள ஓரெழுத்து வேறுபாடு ஆங்கிலத்தில் முழு வினையையே மாற்றிவிடுகிறது: ‘ஹி நியூ எவ்ரிதிங், பட் ஹி டிடன்ட் லெட் ஆன்’.

‘கணக்கில் நடந்த மோசடி தணிக்கையின்போது வெளியே வந்தது.’ செய்தவரைச் சொல்லவில்லை, செயப்படுபொருளும் இல்லை: ‘தி ஃப்ராட் கேம் அவுட் டியூரிங் தி ஆடிட்’. இதில் ‘வாஸ் கிவன் அவே’ என்று எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எது காட்டிக்கொடுத்தது என்று உடன் சொன்னால் எழுதலாம்: ‘தி ஃப்ராட் வாஸ் கிவன் அவே பை எ ராங் டேட் ஆன் ஒன் பில்’. ஒரே ஒரு ரசீதில் இருந்த பிழையான தேதி என்னும் அந்தத் தடயம் வாக்கியத்தில் இல்லாவிட்டால், ‘கேம் அவுட்’டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.